பவுல்ராஜ் நிறுத்திய வண்டி

அத்தியாயம் 12

மகள் ஸ்கூட்டரை ஓட்ட, தான் பின்னால் உட்கார்ந்து போவது பவுல்ராஜுக்குப் பிடிக்காது. முழங்கால் வலி வந்த பிறகு வேறு வழியில்லை. வில்லியனூரைத் தாண்டியதும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, சுகந்தி ஏம்பலம் ரோட்டில் வண்டியைத் திருப்பினாள்.

"ஏம்பலத்துல யாரு வூட்டுக்கு?" என்று அவர் கேட்டார். தெரிந்த ஒரு அம்மா வீடு என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை சேவியர், பூசைக்கு நடுவே பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மக்களைப் பார்த்தார். கோயிலுக்கு வருகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், ஆனால் சீடன் என்றால் வருகிறவன் இல்லை, பின்னால் போகிறவன் என்றார். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலம் முடிவதற்குள் ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இரண்டிரண்டு பேராகக் கிளம்பி, இதுவரை வாசல் மிதிக்காத ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். யாரையும் கோயிலுக்கு அழைக்க வேண்டாம், போதிக்கவும் வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு வந்தால் போதும்.

பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுக்கள் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் ஏழெட்டு இருந்தன. அத்தனைக்கும் பொறுப்பாளர் பவுல்ராஜ். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோயில்தான் அவருக்கு ஆபீஸ். யார் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். இன்று மாலை எல்லா அன்பியங்களும் ஒன்றாகக் கூடும் கூட்டத்தில், சீடத்துவம் என்ற தலைப்பில் பேசப் போகிறவரும் அவர்தான். பங்கில் அவரைப்போல் பேச ஆள் கிடையாது.

கஷ்டம் என்னவென்றால், எல்லாரையும் அனுப்பியவர் தான் மட்டும் இன்னும் எங்கும் போகவில்லை. பேசுவதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காவது போய்விட்டு வந்துவிடலாம் என்று சுகந்திதான் காலைப் பூசை முடிந்ததும் அவரைக் கிளப்பினாள்.

ஸ்கூட்டர் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. வேலிக்குப் பின்னால் வெட்டி முடித்த கரும்புக் கட்டை நிலம். வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வா சுகந்தி" என்றாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை.

மகள் இந்த வீட்டுக்குப் புதிதல்ல என்பது பவுல்ராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்பாவா?" என்று கேட்ட அந்த அம்மாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையும் குவித்தாள். "அருளோட அப்பாவா? உள்ள வாங்கண்ணா. இந்த வூட்டுக்கு நீங்க வந்தது எவ்ளோ சந்தோஷம்."

அருள் அவருடைய மகன். மரிய அருள். தோஹாவில் வேலை பார்க்கிறான். அவனை இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே பவுல்ராஜ் உள்ளே போனார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. ஒடுங்கிய கன்னம், பெரிய மீசை. கீழே பெயர் எழுதியிருந்தது: பலராமன்.

பவுல்ராஜ் படத்துக்கு எதிரிலேயே நின்றுவிட்டார்.

அந்த முகத்தை அவர் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். அவருடைய பழைய ஆம்னி வேனில், முன் சீட்டில், கண்ணை மூடிச் சாய்ந்திருந்த முகம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துக் கதை அது. அருள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, அவர் மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டவர். வாரம் இரண்டு முறை பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, பஸ் மாறி மாறி வீடு திரும்புகிறவர். அருள் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அதோடு விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அப்பாவின் வேனை எடுத்துக்கொண்டு போய் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூட்டி வர ஆரம்பித்தான்.

பவுல்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டார், கோயில் திருவிழா வரும்வரை.

தேர்ப்பவனி அன்று பண்ருட்டியிலிருந்து பூ ஏற்றிவர வேன் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அருள் சரியென்றான். ஆனால் அன்று காலை பலராமனுக்கு மூச்சுத்திணறல். அருள் வேனோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். பூ வந்து சேர இருட்டிவிட்டது. தேர் தாமதமாகக் கிளம்பியது. பிஷப் தங்கும் ஆயர் இல்லத்திலிருந்து வந்திருந்த குருவானவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. கோயில் வாசலில், ஊர் பார்க்க, பவுல்ராஜ் மகனிடமிருந்து வேன் சாவியை வாங்கினார். இனிமேல் இந்த வண்டி கோயில் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மட்டும்தான் என்றார். அருள் மெதுவான குரலில் ஏதோ சொன்னான். அவர் ஒரு பதில் சொன்னார்.

அதற்கப்புறம் அருள் அவரிடம் அதிகம் பேசவில்லை. கொஞ்ச நாளில் வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டான். வேனையும் அவர் விற்றுவிட்டார். அந்த நோயாளி என்ன ஆனார் என்று பவுல்ராஜ் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கஸ்தூரி காபி கொண்டுவந்து வைத்தாள். அதுதான் அந்த அம்மாளின் பெயர். எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். மனிதர்களிடம் அதிகம் பேசக் கிடைக்காதவள் என்பது தெரிந்தது.

வேன் வருவது நின்ற பிறகு, அருள் சில முறை பைக்கில் அழைத்துப் போய்ப் பார்த்தானாம். அவரால் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பிறகு பழையபடி பஸ். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது கால் தரையில் நிற்காது. ஆட்டோக்காரர்கள் சில நாள் வருவார்கள், சில நாள் வரமாட்டார்கள். அருளுக்குக் கம்பெனியில் ஷிப்டையும் மாற்றிவிட்டார்கள். மெல்ல மெல்ல பலராமனே சாக்குச் சொல்ல ஆரம்பித்தார். இன்று வேண்டாம், வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்பார். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய் தவறியது. வெள்ளியும் தவறியது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"உங்க புள்ளதாண்ணா கொட்டுற மழையில வந்து எல்லாத்துக்கும் நின்னுது" என்றாள் கஸ்தூரி. "பாடைக்குத் தோள் குடுத்துது. காரியம் முடிஞ்ச அன்னிக்கு என் காலைத் தொட்டுட்டு, வெளிநாடு போறேன்னு சொல்லிச்சு. அழுதுச்சு. நான்தான் தேத்தி அனுப்பினேன்."

வேலை கிடைத்ததால் மகன் போனான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் பவுல்ராஜ். அவர் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

கஸ்தூரி அருளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வண்டி ரிப்பேர் என்றுதான் அவன் அவர்களிடம் சொல்லியிருந்தான். சரியானதும் வருகிறேன் என்றானாம். வாசலில் ஏதாவது வேன் சத்தம் கேட்டால், படுத்திருந்தவர் சட்டையைத் தேடுவாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவரைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அந்த வண்டிக்கு அப்படி இன்னாதாண்ணா ஆச்சு? சரியே பண்ண முடியலையா?"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

எஞ்சின் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மகன் அவருக்காகச் சொல்லிவைத்த பொய் தயாராக இருந்தது. பவுல்ராஜ் அதைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றார். "நல்லாத்தான் இருந்துது. நாந்தான் சாவிய வாங்கி வச்சிக்கினேன். கோயில் தேருக்குப் பூ ஏத்தியாற லேட்டாயிடுச்சுன்னு கோவம்." கொஞ்சம் நிறுத்தி, "அவரு உடம்பு இந்த அளவுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

கஸ்தூரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அப்படி ஏதாவது நடந்தால் தேவலாம் என்றிருந்தது.

அவள் கேட்டது வேறு.

"தேரு நல்லபடியாப் போச்சாண்ணா?"

அதில் குத்தல் இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரிப்பதுபோல் இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"போச்சும்மா" என்றார்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். வெயில் ஏறிவிட்டது, பார்த்துப் போங்கள் என்றாள்.

ஊர் எல்லை தாண்டியதும் சுகந்தி வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். இறங்கி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியாதுன்னு சொன்னியேப்பா."

அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"அன்னிக்குக் கோயில் வாசல்ல உம் பக்கத்துலதான் நான் நின்னுக்கினு இருந்தேன். தொடர்ந்து ரெண்டு வாட்டி தவறினா அவரு பொழைக்க மாட்டாருப்பான்னு அண்ணன் சொல்லிச்சு. நீ அதுக்கு இன்னா சொன்ன?"

பவுல்ராஜுக்கு நினைவிருந்தது. ஒரு சொல் மாறாமல் நினைவிருந்தது. ஊரான் உயிருக்கு நாம பொறுப்பா என்று கேட்டிருந்தார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்போது அவருக்குப் பிடித்திருந்தது.

சுகந்தி அவரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்றாள். அந்தக் குறுகுறுப்பில்தான் மாதம் ஒருமுறை கஸ்தூரியைப் பார்க்க வருகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிறர்சிநேகம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது நாக்குக் கூசுகிறது என்றாள். கிறிஸ்துமஸுக்கு அருளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னதும் பொய்தான். லீவு இருந்தது. வர மனமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அன்னாமேரி மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். போய்விட்டு வந்தீர்களா என்று மட்டும் கேட்டாள். எங்கே என்று கேட்கவில்லை, என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. மனைவிக்கும் எல்லாம் தெரியும் என்பது பவுல்ராஜுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது. அந்த வீட்டில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள்.

"ஏன் அன்னா, நீயாவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார்.

அன்னாமேரி குழம்புச் சட்டியை மூடினாள். "சொன்னா இன்னா செஞ்சிருப்பீங்க? செத்தவருக்கு ஒரு பூசை வச்சிருப்பீங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்தார்.

மாலைக் கூட்டம் கோயில் மைதானத்தில், வேப்பமரங்களுக்குக் கீழே. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பவுல்ராஜ் பேசப் போகிறார் என்பதற்காகவே வேறு பங்கிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர் மைக்கின் முன்னால் போய் நின்றார். எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் ஜனங்கள் தலையாட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"அன்புக்குரியவர்களே, சீடன் என்பவன்…" என்றார்.

முன்வரிசையில் அன்றைக்குச் சிரித்த இருவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வசதியாகச் சாய்ந்துகொண்டு, கேட்கத் தயாராக.

"நான் இன்னிக்குப் பேசல. மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டத்தில் சலசலப்பு. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஃபாதர் சேவியர் எழுந்து, இந்த வாரம் வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் யாராவது பேசலாம் என்றார். கலைச்செல்வன் என்ற கொத்தனார் எழுந்தார். கரையாம்புத்தூரில் ஒரு வீட்டுக்குத் தானும் மனைவியும் போனதாகவும், என்ன பேசுவதென்று தெரியாமல் அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றியே பேசிவிட்டு வந்ததாகவும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பவுல்ராஜ் மட்டும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபாதர் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பவுல்ராஜ் எல்லாவற்றையும் சொன்னார். சாவியை வாங்கியது, மகன் சொன்னது, தான் சொன்ன பதில், காலையில் கஸ்தூரியிடம் தெரியாது என்று சொன்னது. சொல்லி முடித்து, தனக்குப் பாவமன்னிப்புக் கொடுங்கள் என்று கேட்டார்.



"கேட்டா குடுக்காம இருக்க மாட்டேன் ஐயா" என்றார் ஃபாதர். "ஆனா பாதி உண்மைய அந்தம்மாகிட்ட மறைச்சிட்டு, மீதிய எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்கு அதால ஒரு நஷ்டமும் இல்லையே. நஷ்டப்பட்டது அவங்கதானே?"

பவுல்ராஜ் பாவமன்னிப்பு வாங்காமலே எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

போனை எடுத்து அருளின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வேலையில் இருப்பான். அல்லது அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு வைத்திருப்பான். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. மகனைப் பற்றி அவ்வளவுகூடத் தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

அன்னாமேரி மாலை ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சுகந்தியின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"கஸ்தூரியம்மா" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகந்தி, சாப்டியா?" என்றது குரல். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நீங்க போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. சாவிய வாங்கறப்ப எங்க வூட்டுக்காரரு நெலம அவருக்குத் தெரியுமா? நெசமாவே தெரியாதா? தெரியாதுன்னா, சரி, தெரியாம நடந்துதுன்னு மனசத் தேத்திக்குவேன். அருள் சொல்லாம இருந்திருக்குமான்னுதான் திரும்பத் திரும்ப ஓடுது."

சுகந்தி போனைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கண் கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாள் இன்றைக்குச் சாப்பிடுவாள், தூங்குவாள். அன்னாமேரி தீக்குச்சியோடு அப்படியே நின்றாள்.

பவுல்ராஜ் கையை நீட்டினார்.

"குடும்மா. நானே சொல்றேன்."

போன் கைமாறிய சத்தம் கேட்டு, "யாரு, அண்ணாவா?" என்றாள் கஸ்தூரி.

"ஆமாம்மா. தெரியும்" என்றார் பவுல்ராஜ். "எம் புள்ள சொன்னான். தெரிஞ்சேதான் வாங்கினேன். காலையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தார். வைக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.